ஊட்டிக் குளிரில் சுகர் மிஷின்: மலை வீட்டுக்கு எந்த குளுக்கோமீட்டர் சரிவரும்?

ராத்திரி மூன்று தடவை எழுந்து பாத்ரூம் போகிறவரிடம் ஊட்டியில் கேட்டுப் பாருங்கள், "குளிருக்கு அப்படித்தான்" என்பார். கால் மரத்துப்போகிறதா, அதுவும் குளிர். தோல் வறண்டு அரிக்கிறதா, பனிக்காற்று. அசதியா, மேடு ஏறி இறங்கிய அசதி. சர்க்கரை ஏறியதைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறிகள் அத்தனைக்கும் மலையில் வேறொரு காரணம் கையிலேயே தயாராக இருக்கிறது. ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் குளுக்கோஸ் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதை முழுக்கத் திரும்ப உறிஞ்ச முடியாது. மிச்சம் சிறுநீரில் இறங்கி, போகிற போக்கில் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அடிக்கடி ஒன்றுக்குப் போவதற்கு இதுதான் காரணம். குளிராலும் சிறுநீர் கூடும் என்பது உண்மைதான். இரண்டில் எது என்று உடம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. எண்ணைப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த எண்ணை வீட்டிலேயே காட்டுவது குளுக்கோமீட்டர், நம் ஊர்ப் பேச்சில் சுகர் மிஷின். மருந்துக்கடைகளில் பரவலாகக் கிடைக்கும் மூன்றை இங்கே எடுத்துக்கொள்ளலாம்: அக்யு-செக் ஆக்டிவ், ஒன்டச் செலக்ட் பிளஸ் சிம்பிள், கான்டூர் பிளஸ். இணையத்தில் இவற்றுக்கு எழுதப்படும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை சென்னை அறை வெப்பத்துக்கானவை. 2,240 மீட்டர் உயரத்தில், டிசம்பர் விடிகாலையில், தேயிலை கிள்ளிக் காய்த்துப்போன விரலில் இவை என்ன செய்யும் என்பது வேறு கேள்வி.

முதலில் உயரம். "மலையில் மிஷின் தப்பாகக் காட்டும், ஆக்சிஜன் கம்மி" என்று சொல்வதில் பாதிதான் உண்மை. ரத்தத் துளியை ஏந்தி மிஷினில் செருகும் பட்டைதான் ஸ்ட்ரிப். அதில் குளுக்கோஸோடு வினைபுரியும் நொதி இரண்டு வகை. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் வகையில், வினையில் வெளிவரும் எலக்ட்ரானுக்கு மிஷினின் ரசாயனமும் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனும் போட்டி போடும். ஆக்சிஜன் குறைந்தால் போட்டி குறைந்து எண் கொஞ்சம் கூடும். மூக்கில் ஆக்சிஜன் வைத்திருக்கும் நோயாளிக்கு எண் குறையும். டீஹைட்ரஜனேஸ் வகைக்கு ஆக்சிஜனோடு இந்தப் போட்டி கிடையாது. ஒன்டச் செலக்ட் பிளஸ் முதல் வகை, ஆனாலும் 3,048 மீட்டர் வரை பயன்படுத்தலாம் என்று கையேட்டில் இருக்கிறது. அக்யு-செக் ஆக்டிவுக்கு 4,000 மீட்டர், கான்டூர் பிளஸுக்கு 6,301 மீட்டர். நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். கொடைக்கானல், குன்னூர், கோத்தகிரி எல்லாம் அதற்கும் கீழே. ஆக, உயரத்தைக் காரணம் காட்டி எந்த மிஷினையும் ஒதுக்க வேண்டியதில்லை.

தொந்தரவு செய்வது குளிர். மூன்று கையேட்டிலும் வேலை செய்யும் வெப்பநிலை என்று ஒரு வரி இருக்கும், யாரும் படிப்பதில்லை. ஒன்டச் செலக்ட் பிளஸுக்கு அது 10 முதல் 44 டிகிரி, ஆக்டிவுக்கு 8 முதல் 42, கான்டூர் பிளஸுக்கு 5 முதல் 45. சென்னைக்காரர் மேல் எண்ணைப் பார்க்க வேண்டும், நாம் கீழ் எண்ணை. புல்லில் உறைபனி படியும் நாட்களில் காந்தல், தலைகுந்தா பக்கம் ஹீட்டர் இல்லாத சமையலறை 10 டிகிரிக்குக் கீழே போவது உண்டு. வெறும் வயிற்றுப் பரிசோதனை எப்போது? விடிந்ததும், அதாவது நாளிலேயே அதிகக் குளிர் இருக்கும் நேரத்தில்.

குளிர் அளவு மீறினால் மிஷின் வெப்பமானி படத்தையோ பிழைக் குறியையோ காட்டி நின்றுவிடும். அது நல்ல பிழை. நம்மை ஏமாற்றுவது இன்னொன்று. மிஷினுக்குள் ஒரு வெப்ப உணரி இருக்கிறது, அது சொல்வதை வைத்துத்தான் கணக்கைச் சரிக்கட்டுகிறது. அது அளப்பது மிஷினின் சூட்டை, ஸ்ட்ரிப்பின் சூட்டை அல்ல. மிஷினை ஸ்வெட்டர் பாக்கெட்டில் வைத்துச் சூடாக்கிவிட்டு, ஜன்னல் ஓரத்தில் ராத்திரி முழுக்கக் கிடந்த டப்பாவிலிருந்து ஸ்ட்ரிப்பை எடுத்துச் செருகினால், பிழைக்குறி ஒன்றும் வராது, எண்ணும் வரும். ஆனால் ஸ்ட்ரிப்பில் வினை மெதுவாக நடப்பது மிஷினுக்குத் தெரியாததால் அந்த எண் உள்ளதைவிடக் குறைந்திருக்கலாம். மிஷின், ஸ்ட்ரிப் டப்பா இரண்டையும் ஒரே பையில், ஒரே இடத்தில் வையுங்கள். எடுத்ததும் சோதிக்காமல், மனிதர் உட்கார்ந்திருக்கும் அறையில் 20 நிமிடம் அப்படியே விடுங்கள். அடுப்பு மேல் காட்டுவது, வெந்நீர் பாட்டிலோடு கட்டி வைப்பது எல்லாம் வேண்டாம். ஒரு பக்கம் சூடேறி மறுபக்கம் குளிர்ந்திருக்கும்.

மூன்றும் சிஆர்2032 பட்டன் பேட்டரியில் ஓடுபவை. குளிரில் பேட்டரியும் சோர்ந்துபோகும், உபரியாக ஒன்று பையில் இருக்கட்டும்.

இனி மிஷின் வாரியாக.

அக்யு-செக் ஆக்டிவ் இந்த மூன்றில் பழைய வகை. மின்னோட்டத்தை அளக்காமல், ரத்தம் பட்ட திட்டின் நிறமாற்றத்தை ஒளி பாய்ச்சிப் படிக்கிறது. அதனால் 1 முதல் 2 மைக்ரோலிட்டர் ரத்தம் கேட்கும். குளிர்ந்த விரலில் அந்த அளவு துளி வருவதற்குள் பொறுமை போய்விடும். ஸ்ட்ரிப்பின் பின்பக்கம் உள்ள வட்டம் முழுக்க ஒரே மாதிரி நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் வெள்ளைத் திட்டு இருந்தால் ரத்தம் போதவில்லை, அந்த எண்ணை நம்பாதீர்கள். ஒளி படிக்கும் சிறு ஜன்னலில் ரத்தமோ தூசியோ படிந்தால் பிழை வரும். ஈரம் லேசாகத் தொட்ட பஞ்சால் துடைத்து, காய விட்டுப் பயன்படுத்த வேண்டும். இத்தனை இருந்தும் இதற்கு ஒரு தனி மரியாதை உண்டு. பின்பக்க வட்டத்தின் நிறத்தை டப்பாவில் ஒட்டியுள்ள நிறப் பட்டையோடு ஒப்பிடலாம். மிஷின் 90 என்று சொல்லி, வட்டம் கருநீலமாக இருந்தால் எங்கோ தவறு. தன் பேச்சைத் தானே சரிபார்க்க இடம் கொடுக்கும் மிஷின் இதுதான். மூடியை ஒழுங்காக மூடிவைத்தால், திறந்த பிறகும் டப்பாவில் அச்சிட்ட தேதி வரை ஸ்ட்ரிப் செல்லும் என்பது இன்னொரு லாபம்.

ஒன்டச் செலக்ட் பிளஸ் சிம்பிளை வயதானவர்களுக்கு வாங்கித் தருகிறவர்கள் அதிகம். பட்டன் கிடையாது, ஸ்ட்ரிப்பைச் செருகினால் உயிர் வரும், எழுத்து பெரிது. 1 மைக்ரோலிட்டர் ரத்தம், 5 விநாடி. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு அம்பு நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்றில் ஒரு நிறத்தைக் காட்டும். இதில்தான் வில்லங்கம். 70க்குக் கீழ் நீலம், 70 முதல் 180 வரை பச்சை, அதற்கு மேல் சிவப்பு. சாப்பிட்டதற்கும் சாப்பிடாததற்கும் ஒரே அளவுகோல். வெறும் வயிற்றில் 170 வந்தாலும் பச்சைதான். பெரும்பாலான நோயாளிகளுக்கு வெறும் வயிற்று இலக்கு 80 முதல் 130. "பச்சைதான் காட்டுது" என்று ஆறு மாதம் நிம்மதியாக இருப்பவரின் கண் விழித்திரை, சிறுநீரகம் இரண்டிலும் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் அந்த ஆறு மாதமும் அடி வாங்கிக்கொண்டிருக்கும். இந்த மிஷினை வாங்கினால் அதன் பின்பக்கம் ஒரு தாளில் "வெறும் வயிறு 130" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். அம்பைப் பார்க்கச் சொல்லாமல் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதன் இன்னொரு வரம்பு ஹீமடோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை பங்கு என்பது. இந்த ஸ்ட்ரிப்புக்கு 30 முதல் 55 சதவீதம் வரை இருக்க வேண்டும். ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஹீமடோகிரிட் ஏறக்குறைய வந்துவிடும்: ஹீமோகுளோபின் 8 என்றால் 24 சதவீதம், வரம்புக்கு வெளியே. சிவப்பணு குறைந்தால் எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு இல்லாத சர்க்கரை இருப்பதாகத் தோன்றும். அதைவிட மோசம், 65க்கு இறங்கிய சர்க்கரை 80 என்று தெரிந்து யாரும் கண்டுகொள்ளாமல் போவது. தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள், கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் மிஷின் வாங்கும் முன் ஒரு ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

கான்டூர் பிளஸுக்கு ஹீமடோகிரிட் வரம்பு 0 முதல் 70 சதவீதம். நடைமுறையில் வரம்பே இல்லை என்றுதான் அர்த்தம். 0.6 மைக்ரோலிட்டர் போதும், ஸ்ட்ரிப்பின் நுனியைத் துளியில் தொட்டால் தானே உறிஞ்சிக்கொள்ளும். மலைக்கு இதைப் பரிந்துரைக்க இன்னொரு காரணம்: முதல் துளி போதவில்லை என்றால் சத்தம் கொடுத்து 30 விநாடி காத்திருக்கும், அதே ஸ்ட்ரிப்பில் இன்னொரு சொட்டு சேர்க்கலாம். குளிரில் ரத்தம் வராமல் ஸ்ட்ரிப் வீணாவதுதான் மலையில் பெரிய செலவு. இந்த 30 விநாடி அதை மிச்சப்படுத்தும். நிற அம்பு, அலங்காரம் ஒன்றும் கிடையாது. குறை என்றால், மற்ற இரண்டைப் போல எல்லாக் கடையிலும் ஸ்ட்ரிப் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

ஸ்ட்ரிப் கிடைப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மிஷின் ஒரு முறை செலவு, ஸ்ட்ரிப் ஆயுளுக்கும். ஒரு கம்பெனி ஸ்ட்ரிப் இன்னொரு மிஷினில் போகாது. மஞ்சூரிலோ எமரால்டிலோ இருப்பவர் முதலில் பக்கத்து மருந்துக்கடையில் எந்த ஸ்ட்ரிப் எப்போதும் இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பிறகு மிஷினைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் கூரியர் வண்டி கீழேயே நிற்கும். ஒரு டப்பா கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கூடுதல் என்று 50 உள்ள பெரிய டப்பாக்களாக அடுக்காதீர்கள். சில கம்பெனி ஸ்ட்ரிப்புகளுக்குத் திறந்த நாளிலிருந்து 90 நாள்தான் ஆயுள். வாரம் ஒரு முறை மட்டும் பார்ப்பவர் 90 நாளில் 13 ஸ்ட்ரிப் செலவழிப்பார், மிச்சம் 37 குப்பைக்கு. அவருக்கு 25 உள்ள டப்பாவே அதிகம். வாரம் 4 முறை பார்ப்பவருக்கு 50 உள்ளது பன்னிரண்டரை வாரத்தில் தீர்ந்து கணக்குச் சரியாக வரும். திறந்த தேதியை டப்பா மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள்.

டப்பாவின் எதிரி ஈரம். கூடலூர், பந்தலூர், தேவாலாவில் ஆனி, ஆடி மழை என்றால் சுவரே வியர்க்கும். மூடிக்குள்ளோ டப்பாவின் உட்சுவரிலோ இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொருள் ஓரளவுதான் தாங்கும். ஸ்ட்ரிப்பை எடுத்த கையோடு மூடியை அமுக்குங்கள், "டக்" சத்தம் வர வேண்டும். இரண்டு டப்பாவில் மிஞ்சியதை ஒன்றாகக் கொட்டுவது, ஒரு ஸ்ட்ரிப்பைத் தாளில் மடித்து எஸ்டேட்டுக்கு எடுத்துப்போவது இரண்டும் கூடாது. ஃப்ரிட்ஜிலும் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். கணப்புக்குப் பக்கமும் வேண்டாம், பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளுக்கு மேல் வரம்பு 30 டிகிரி.

இனி விரல். மிஷின் மேல் சொல்லப்படும் புகார்களில் பாதிக்கு மேல் விரலில் ஆரம்பிப்பவை.

குளிரில் தோலின் சிறு ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். குத்தினால் ஒரு புள்ளி வந்து நிற்கும். உடனே நுனியைப் பிடித்துப் பிழிவார்கள். அப்போது வருவது ரத்தத்தோடு கலந்த திசு நீர், எண் குறையும். செய்ய வேண்டியது: வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டு ஒரு நிமிடம் கையை வைத்துக் கழுவுங்கள். முழுக்கத் துடையுங்கள், ஈர விரலில் துளி நீர்த்துப்போய் எண் குறைந்துவிடும். ஆடி மாதத்தில் துண்டே காயாத ஊர் என்பதால் இதற்கென்று சுத்தமான காகிதமோ பஞ்சோ தனியாக வைத்திருப்பது புத்திசாலித்தனம். கையைத் தொங்கவிட்டு நாலைந்து முறை உதறுங்கள். உள்ளங்கையிலிருந்து விரல் நோக்கி நீவிவிடுங்கள். பிறகு நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள், நடுச்சதையில் அல்ல. நடுவில் நரம்பு முனைகள் அதிகம், வலிக்கும்.

தேயிலை கிள்ளுபவர்களுக்குக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் காய்த்திருக்கும். மோதிர விரல், சுண்டு விரல் பக்கவாட்டுதான் அவர்களுக்கு ஏற்றது. கறை போகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவிக் காய்ந்த விரலில் தேயிலைக் கறை நின்றாலும் எண் மாறாது. ஊசி வாங்கும்போது எண் கூடினால் ஊசி மெலிது என்பதை நினைவில் வையுங்கள்: 33 மிக மெலிது, 28 தடிமன். குழந்தைக்கும் மெல்லிய தோலுக்கும் 33 சரி. காய்த்த விரலுக்கு 28 அல்லது 30 எடுத்து, குத்தும் பேனாவின் ஆழத்தைக் கோடையில் வைத்ததைவிட ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். மெல்லிய ஊசியால் நான்கு தடவை குத்துவதைவிட இது மேல். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் அது முழுக்க ஆவியாகும்வரை காத்திருங்கள். குளிரில் அதற்கும் நேரம் பிடிக்கும்.

கையைக் கழுவாமல் பார்த்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு. 100 என்று காட்டும் 0.6 மைக்ரோலிட்டர் துளியில் உள்ள குளுக்கோஸ் வெறும் 0.6 மைக்ரோகிராம். தேனில் ஏறக்குறைய 30 சதவீதம் குளுக்கோஸ். ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு தேன் விரலில் ஒட்டியிருந்தாலே அதில் 3 மைக்ரோகிராம் இருக்கிறது. 100 காட்ட வேண்டிய மிஷின் 600 காட்டும். மலைத்தேன், பிளம்ஸ், பேரிக்காய், ஜாம் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். வேடிக்கை என்னவென்றால் வெள்ளைச் சர்க்கரை தூளாக ஒட்டியிருந்தால் இவ்வளவு குழப்பாது. அது சுக்ரோஸ், ஸ்ட்ரிப்பின் நொதிக்கு அடையாளம் தெரியாது. ஆனால் குளுக்கோஸ் பவுடர் அப்படியே குளுக்கோஸ். சர்க்கரை இறங்கியவருக்கு அதைக் கரைத்துக் கொடுத்த அதே கையோடு, அவர் விரலையும் கழுவாமல் மறுபடி பார்த்தால் 300 வரும், "ஏறிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். அவர் இன்னும் 60இல் இருக்கலாம்.

மருந்துகளிலும் இரண்டைக் கவனிக்க வேண்டும். வைட்டமின் சி அதிக அளவில் எடுப்பதும், பாராசிட்டமால் மிகுதியாக எடுப்பதும் சில ஸ்ட்ரிப்புகளின் மின்னோட்டத்தைக் கூட்டிவிடும். கையேட்டில் "குறுக்கீடு" பகுதியைப் படியுங்கள்.

லேப் எண்ணும் மிஷின் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்ற சண்டை எல்லா வீட்டிலும் உண்டு. ஐஎஸ்ஓ 15197 என்ற தரவிதியின் 2013ஆம் ஆண்டுப் பதிப்புப்படி, 100க்கு மேல் இருக்கும் எண்களில் 95 சதவீதம் லேப் எண்ணிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் மிஷின் தேறியது. 100க்குக் கீழே 15 மில்லிகிராமுக்குள். லேப் 140 என்றால் மிஷின் 119 காட்டினாலும் 161 காட்டினாலும் விதிப்படி சரி. ஒப்பிட வேண்டுமானால் வெறும் வயிற்றில், ரத்தம் எடுக்கும் அதே இடத்தில், 10 நிமிடத்துக்குள் விரலில் பாருங்கள். சாப்பிட்ட பிறகு ஒப்பிடாதீர்கள். அப்போது விரல்நுனி ரத்தத்தில் குளுக்கோஸ் கைமடிப்பில் எடுக்கும் ரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும். லேபும் கடவுள் இல்லை. குழாயில் எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அதைத் தடுக்கத்தான் ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய். சாம்பிளைக் கோயம்புத்தூருக்கு இறக்கும் கலெக்‌ஷன் சென்டரில் எந்த மூடிக் குழாயில் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். கேட்பதில் தப்பில்லை.

சர்க்கரை நோய் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்வது இந்த மிஷின் வேலை அல்ல. அதற்கு லேபில் வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், அல்லது 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரத்தில் 200 அல்லது மேல், அல்லது ஹெச்பிஏ1சி 6.5 அல்லது மேல் வர வேண்டும். வந்தாலும், அறிகுறி தெளிவாக இல்லையென்றால் இன்னொரு முறை உறுதி செய்வார்கள். மிஷினில் 140, 150 என்று வந்தால் லேபுக்குப் போங்கள். அவ்வளவுதான் அதன் தீர்ப்பு.

ஹெச்பிஏ1சி என்றதும் மலைக்கே உரிய ஒரு எச்சரிக்கை. அந்தச் சோதனை மூன்று மாதச் சராசரியைச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை வைத்துச் சொல்கிறது. 7 என்றால் சராசரி 154, 8 என்றால் 183, 9 என்றால் 212. சிவப்பணு 120 நாள் வாழும் என்பது இதன் அடிப்படை. சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் அணு நோயில் அணுக்கள் சீக்கிரம் உடைந்துவிடும், சர்க்கரை ஒட்ட நேரமே கிடைக்காது, எண் பொய்யாகக் குறையும். இந்தியாவில் அரிவாள் அணுவை முதன்முதலாகப் பதிவு செய்ததே நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1952இல் எழுதினார்கள். இருளர், பணியர், குறும்பர் குடும்பங்களில் ஹெச்பிஏ1சி 5.5 என்று வந்தால் அதை மட்டும் நம்பி அனுப்பிவிடக் கூடாது. வெறும் வயிறு, சாப்பிட்ட பின் என்று நேரடிக் குளுக்கோஸ் பார்த்தே ஆக வேண்டும். இரும்புச் சத்துக் குறைவில் இதற்கு நேர்மாறு, ஹெச்பிஏ1சி பொய்யாகக் கூடும்.

எப்போது பார்ப்பது? தினமும் காலையில் மட்டும் பார்த்து நோட்டில் எழுதுவது பரவலான பழக்கம், பயன் குறைந்த பழக்கமும்கூட. ஜோடியாகப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் காலை உணவுக்கு முன்னும், முதல் கவளம் வாயில் போட்டதிலிருந்து 2 மணி நேரம் கழித்தும். இன்னொரு நாள் இரவு உணவுக்கு அதே மாதிரி. முன் 115, பின் 225 என்றால் தட்டைப் பார்க்க வேண்டும்: உருளைக்கிழங்கு எவ்வளவு, டீயோடு எத்தனை வர்க்கி. முன்னமே 190, பின் 230 என்றால் தட்டின் மேல் பழி போட முடியாது. ராத்திரி மருந்தின் அளவு பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். சாப்பிட்ட பின் இலக்கு பொதுவாக 180க்குள். கர்ப்பிணிகளுக்கு இதெல்லாம் பொருந்தாது: வெறும் வயிற்றில் 95க்குக் கீழே, 2 மணி நேரத்தில் 120க்குக் கீழே. தள்ளாத வயதில் இலக்கை டாக்டர் தளர்த்தியே வைப்பார்.

வெறும் வயிறு என்றால் 8 மணி நேரம் தண்ணீர் மட்டும். எழுந்ததும் குடித்த டீ கணக்கில் வராது என்று தேயிலை நாட்டில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வரும். ஒரு நாளைக்கு 5 டீ, ஒன்றுக்கு 2 ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 முதல் 50 கிராம் ஆகிறது.

மிஷினில் "ஹை" என்று எழுத்து வந்தால் 600ஐத் தாண்டிவிட்டது என்று பொருள். கையைக் கழுவி இன்னொரு விரலில் பாருங்கள், மறுபடி வந்தால் ஆம்புலன்ஸ். 300க்கு மேல் இரண்டு முறை வந்து, கூடவே வாந்தி, மூச்சு வாங்குதல், வயிற்று வலி, மயக்கம் இவற்றில் ஏதாவது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். மலைப்பாதைப் பயண நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 70க்குக் கீழே என்றால் 3 டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து, கழுவிய விரலில் மறுபடி. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மிஷின் சொல்லாத ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பல வருடம் ஏறியே இருந்த சர்க்கரை காலின் நரம்புகளைக் கெடுத்திருக்கும், சூடு தெரியாது. குளிர் காய நெருப்புச் சட்டிப் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்து, கொப்புளம் வந்த பிறகே கவனிப்பவர்கள் மலையில் உண்டு. வெந்நீர்ப் பையும் அப்படியே. கம்பளிக் காலுறை போடுங்கள், நெருப்பை நெருங்காதீர்கள். ரப்பர் பூட்ஸ் போட்டு வேலை செய்பவர் மாலையில் விரலிடுக்கைத் துடைத்துப் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுபவருக்கு இன்னொன்று: மருந்து 2 டிகிரிக்குக் கீழே போய் உறைந்துவிட்டால் உருகினாலும் பயன்படாது. உறைபனி இரவில் ஜன்னல் மாடத்தில் வைக்காதீர்கள்.

கையில் ஒட்டிக்கொண்டு 14 நாள் தொடர்ந்து அளக்கும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே போன்ற சென்சார்களைப் பற்றியும் கேட்கிறார்கள். இன்சுலின் போடுபவருக்கு, ராத்திரி இறங்குகிறதா என்று பார்க்க அருமையானது. ஆனால் அது அளப்பது ரத்தத்தை அல்ல, திசு நீரை. சில நிமிடம் பின்தங்கியே வரும். அந்தக் கைமேல் படுத்துத் தூங்கினால் பொய்யாகக் குறைத்தும் காட்டும். மாத்திரையில் மட்டும் இருப்பவர் மாதாமாதம் அந்தச் செலவைச் செய்ய வேண்டியதில்லை.

ஆக, குளிர் அதிகமுள்ள மேல்மலையில், ரத்தசோகை இருக்கும் வீட்டில், ஸ்ட்ரிப்பும் பக்கத்தில் கிடைக்குமானால் கான்டூர் பிளஸ். எப்போதாவது மட்டும் பார்ப்பவருக்கு, ஸ்ட்ரிப் காலாவதியாகிக்கொண்டே இருப்பவருக்கு அக்யு-செக் ஆக்டிவ், பெரிய துளிக்கு விரல் ஒத்துழைத்தால். கண் மங்கிய, தனியாக இருக்கும் பெரியவருக்கு, கூடலூர் போன்ற கீழ்மலை வெப்பத்தில் ஒன்டச் செலக்ட் பிளஸ் சிம்பிள், அந்த 130 தாள் ஒட்டப்பட்டிருந்தால். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து பார்ப்பவரின் மிஷின் வேறாக இருக்கும். இரண்டு எண்ணையும் ஒரே பத்தியில் கலந்து எழுதாமல், எந்த மிஷின் என்று பக்கத்தில் ஒரு எழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

பயன்படுத்திய ஊசிகளைத் தேயிலைப் புதரிலோ குப்பைமேட்டிலோ எறிந்தால் கிளறுவது குரங்கும் காட்டெருமையும், அடுத்து துப்புரவுப் பணியாளரின் கை. மூடியுள்ள கெட்டியான டப்பாவில் சேர்த்து, முக்கால் நிறைந்ததும் டேப் ஒட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக் கொடுங்கள். நீலகிரியில் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. தரை துடைக்கும் திரவம் வந்த பழைய டப்பா இதற்குப் பொருத்தம்.